பின்தங்கிய ஊரை நேசித்தவர்

மகளை எங்கள் எத்தாளை ஊர்ப் பள்ளியிலிருந்து உயர்தரப் பரீட்சை எழுதவைப்பதற்காகக் கொழும்பிலிருந்து பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவர் அவர். பின்தங்கிய எங்கள் மாவட்டத்துக்கு மருத்துவபீட அனுமதிக்கான வெட்டுப்புள்ளி குறைவு. மகளுக்குக் கொழும்பு டியூஷன் போனில் நடந்தது. தேய்த்த சட்டையும் மினுங்கும் சப்பாத்துமாக எங்களோடு பஸ்ஸில் வருவார். பஸ் பழுதாகி நின்றால் நாங்கள் ஏசுவோம். அவர் மட்டும் பூரித்துப்போவார். “பின்தங்கின மாவட்டம்தானே!”

ஒருநாள், “பள்ளிக்கூடத்துக்கு இரசாயனவியல் டீச்சர் வாறாவாம்” என்றேன்.

அவர் முகம் வாடியது. “இப்பவா? எல்லாரும் நல்லா எழுதினா வெட்டுப்புள்ளி ஏறிடுமே! எங்கட மகள் எழுதி முடியட்டும், நானா” என்றார், அண்ணனிடம் கெஞ்சுவதுபோல.

“என்ட மகளும் அதே வகுப்புதான்.”

“அப்ப ரெண்டு பேருக்கும் துஆ கேக்குறன்” என்று இரு கைகளையும் ஏந்தினார்.

அவர் மகள் இப்போது மருத்துவம் படிக்கிறாள். என் மகள் இரண்டாம் முறை எழுதப் படிக்கிறாள். டீச்சர் இன்னும் வரவில்லை. மனிதர் எதற்குத்தான் துஆ கேட்டாரோ!