ஈரம் படாத வைஃபை

வீரப்பனுக்கு உலகத்தில் ஒரே எதிரி ஈரம்தான். தேயிலைத் தொழிற்சாலையின் பொட்டலப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகளாக அதனோடு மல்லுக்கட்டி வருகிறார். தூளை ஒரு பிடி அள்ளி விரல்களுக்கிடையே நொறுக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சூடு காட்டணும்" என்பார். பிறகு ஈரம் அளக்கும் கருவியும் அதையே சொல்லும்.

கேமரன் மலையில் மூடுபனி கேட்காமலே வீட்டுக்குள் வந்துவிடும். அதனால் வீட்டிலும் அவர் முக்கியமான எதையும் வெளியே வைப்பதில்லை. பிறப்புப் பத்திரம், மாத்திரை, தீப்பெட்டி எல்லாம் உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய தேயிலை டின்களில்தான் இருக்கும். ஒருமுறை மூக்குக் கண்ணாடியையும் அப்படி மூடி வைத்துவிட்டு, எந்த டின் என்று படித்துப் பார்க்கக் கண்ணாடி இல்லாமல் அரை நாள் தடவிக்கொண்டிருந்தார்.

அவர் கூரைமேல் இருந்த டிஷ்ஷை எடுக்கப்போவதாகச் சொன்னதும் மனைவி நவமணி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நூறு சேனலுக்குக் காசு கட்டுறோம். நீ பாக்கறது ஒண்ணு" என்றார் வீரப்பன்.

"அடுப்படியில பத்து சட்டி இருக்கு. தெனம் ஆக்குறது ஒண்ணுலதான். மத்தத வீசிட்டமா?"

ஆனாலும் டிஷ் இறங்கியது. ஈப்போ நகரிலிருந்து மகள் வசுமதி, இணையம் வழியாக டிவியில் படம் காட்டும் ஒரு சின்னப் பெட்டியும், சிம் கார்டு போட்ட வைஃபை கருவியும் கொண்டுவந்தாள். கருவியைச் சன்னல் ஓரத்தில் வைத்து, எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போனாள்.

திங்கள் மாலை ஏழு மணிக்குப் படம் பளிச்சென்று வந்தது. வழக்கம்போலப் பக்கத்து வீட்டுத் தெரசம்மாளும் வந்தார். பதினொரு ஆண்டுகளாக இருவரும் சேர்ந்துதான் நாடகம் பார்க்கிறார்கள். நாடகத்தில் எந்த மாமியார் என்ன செய்தாலும் நவமணி அவள் கட்சி. தெரசம்மாள் மருமகள் கட்சி. விளம்பரம் வரும்போதுதான் உண்மையான சண்டை நடக்கும்.

செவ்வாய்க்கிழமை பனி சன்னல் வழியாக வந்து கருவியின்மேல் முத்து முத்தாக உட்கார்ந்தது. வீரப்பன் மூன்று முறை துடைத்தார். புதன் காலையில் ஒரு நல்ல டின்னாகப் பார்த்து எடுத்து, வயர் நுழைய ஓட்டை போட்டு, கருவியை உள்ளே வைத்து, ஓட்டையைச் சுற்றி டேப் ஒட்டி, மூடியை அழுத்தி மூடினார். தள்ளி நின்று பார்த்தார். திருப்தி.

அன்று மாலை திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றியது.

தெரசம்மாள் கால் மணி நேரம் பொறுத்தார். "நவமணி, இன்னைக்கு அந்தப் பொண்ண வீட்ட விட்டுத் தொரத்துறாங்க. கீழ் லயத்துல குமுதா வீட்ல பாத்துட்டு வந்திடறேன்லா. கோச்சுக்காத."

வியாழக்கிழமை அவர் இந்த வாசலில் நிற்காமலே கீழ் லயத்து வீட்டு வரிசைக்கு இறங்கிப் போனார். நவமணி எடுத்து வைத்த இரண்டு கோப்பையில் ஒன்றைத் திரும்ப அடுக்கில் வைத்தாள்.

"குமுதா பஜ்ஜி போட்டுக் குடுக்குறாளாம்" என்றாள் கணவரிடம். "இன்னும் ரெண்டு நாள் போனா அக்கா அங்கயே பழகிடுவாங்க. நாளைக்கு ஏழு மணிக்குப் படம் வரலன்னா, டிஷ் திரும்ப வரணும். சொல்லிட்டேன்."

வீரப்பன் கருவியைச் சந்தேகப்படவில்லை. அதைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறாரே! சிக்னலை மறைக்கிறது என்று வீட்டுக்குப் பின்னால் நின்ற சவுக்கு மரத்தின்மேல் பழி விழுந்தது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ரம்பத்தோடு ஏறினார்.

நவமணிக்குத் தலைவலி. மாத்திரை டின் என்று நினைத்து ஒரு டின்னைத் திறந்தாள். பின்னால் தொலைக்காட்சி திடீரென்று சோப்பு விளம்பரம் பாடியது. அதே நேரம் வெளியே கிளை ஒன்று தடாலென்று விழுந்தது.

"பாத்தியா! நான் சொல்லல? கிளைதான்!" என்று மரத்திலிருந்து குரல் வந்தது.

நவமணி டின்னுக்குள் இருந்த வைஃபை கருவியைப் பார்த்தாள். மூடினாள். சற்று நேரத்தில் வட்டம் சுற்றியது. திறந்தாள். பாட்டு வந்தது.

"விட்டு விட்டு வருது! இன்னொரு கிளை போகணும் போல!"

"ஆமாங்க, போகணும்" என்றாள் நவமணி. இன்னும் இரண்டு கிளைகள் விழும்வரை பொறுத்திருந்துதான் அவரை உள்ளே கூப்பிட்டாள்.

"தூளுக்குள்ள காத்துகூடப் போகாத டின்னு இது. இதுக்குள்ள அடச்சு வச்சா வைஃபை எப்படிங்க வெளிய வரும்?"

தலையில் சருகோடு நின்ற வீரப்பன் மூடியை வாங்கி விளிம்பைத் தடவிப் பார்த்தார். "மூடி நல்ல மூடிதான்" என்றார்.

ஏழு மணிக்குச் சற்று முன் தெரசம்மாள் குடையோடு வாசலைக் கடந்தார்.

"அக்கா, படம் வருது. விட்டுப்போனதெல்லாம்கூட இதுல இருக்கு. புதன்கிழமையில இருந்து பாக்கணும் நான்."

தெரசம்மாள் கீழ் லயத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். "சரி, புதன்கிழமையே போடு."

"நீங்கதான் பாத்துட்டீங்களே?"

"பாத்தேன், பாத்தேன். குமுதா வீட்ல வாயத் தொறந்தா உஷ்ஷுங்கறாங்க. அந்த மாமியாக்காரிக்கு வக்காலத்து வாங்க அங்க ஒரு ஆள் இல்லலா. யாரோட சண்ட போடறது?"

"அவ மேல என்னக்கா தப்பு?" என்றாள் நவமணி, நாடகம் தொடங்குவதற்கு முன்பே.