பழுப்புக் கோடு தெரியாத ஒரு மணி நேரம்

போன வருடம் ஐப்பசி மாதம், காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் லேபில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது, அடுத்த நொடியே சிரிப்பும் வந்துவிடுகிறது.

நான் திசுப் பரிசோதனைப் பிரிவில் டெக்னீஷியன். நோயாளியிடமிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றி டாக்டரம்மாவின் மைக்ராஸ்கோப்புக்கு அனுப்புவது என் வேலை. பதினான்கு வருட சர்வீஸ். "இவ கை பட்டா ஸ்லைடு பேசும்" என்று டாக்டரம்மா ஒருமுறை யாரிடமோ சொன்னதைக் காதில் வாங்கிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடுதல்தான்.

அந்த வாரம் ஓர் அக்காவின் மார்பகக் கட்டியிலிருந்து ஊசி வைத்து எடுத்த துணுக்கு வந்திருந்தது. கொத்தமங்கலத்தில் பழைய பெரிய வீடு ஒன்றை ஹோட்டல் ஆக்கியிருக்கிறார்கள். அங்கே சமையல் பொறுப்பு முழுக்க அந்த அக்காதான். புற்றுநோய் என்பது தெரிந்துவிட்டது. தெரியாதது ஒன்றே ஒன்று. பால் குழாய்களைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கும், வீட்டுக்குக் காம்பவுண்டுச் சுவர் மாதிரி. கெட்ட செல்கள் அந்தச் சுவருக்கு உள்ளேயே இருந்தால் கீமோ தேவைப்படாது, பெரும்பாலும் ஆபரேஷனோடு போய்விடும். உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் வைத்தியமே வேறு. ஓர் இடத்தில் மட்டும் டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். வழக்கமாகப் போடும் சாயங்கள் பிடி கொடுக்கவில்லை.

"சவ்வையே நேரா பார்த்துடுவோம். கொலாஜன் நாலுக்கு ஆன்டிபாடி எங்கயாவது கிடைக்குமா பாரும்மா" என்றார்.

கொலாஜன் நான்கு என்பது அந்தச் சவ்வில் இருக்கும் புரதம். அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியைச் சொட்டு விட்டு, அதன் மேல் நிறம் ஏற்றினால், சவ்வு இருக்கும் இடமெல்லாம் பழுப்புக் கோடாகத் தெரியும். எங்களிடம் அது இல்லை. மதுரையில் ஒரு பெரிய லேபில் வேலை செய்யும் என் தோழி, சின்னக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, ஐஸ் வைத்துப் பொதிந்து பஸ்ஸில் கொடுத்துவிட்டாள். போனில், "இந்தா பாரு, இதுக்கு முன்னாடி நீ..." என்று ஏதோ சொல்ல வந்தாள்.

"எல்லாம் தெரியும்டி, நான் என்ன நேத்து வந்தவளா?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தேன். பக்குவப்படுத்திய சதையில் புரதமெல்லாம் இறுகிக் கிடக்கும். ஆன்டிபாடி போய்ச் சேர முதலில் அதை இளக்க வேண்டும். அதற்கு நாங்கள் வைத்திருப்பது பிரஷர் குக்கர். ஆமாம், அடுப்படியில் பருப்பு வேகுமே, அதே குக்கர்தான். எந்த ஆன்டிபாடிக்கும் எனக்கு இந்தக் கணக்குத் தப்பியதே இல்லை. நிறம் ஒழுங்காக ஏறும் என்று நன்றாகத் தெரிந்த வேறொரு திசுவையும் கூடவே வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. குழாயில் இருப்பதே சில சொட்டு, அதை வீணாக்குவானேன் என்று அந்தச் சரிபார்ப்பையும் விட்டேன்.

பதினோரு மணிக்கே அந்த அக்கா வந்துவிட்டார். டாக்டரம்மா வர ஐந்து மணியாகும் என்றேன்.

"இருக்கட்டும்த்தா. வீட்டுல இருந்தா கிறுக்குப் புடிக்குது. நீ பாட்டுக்கு வேலையப் பாரு, நான் இங்குட்டு ஓரமா உக்காந்துக்கிறேன். தாண்டிருச்சா இல்லையா, அந்த ஒன்னு தெரிஞ்சாப் போதும்."

மதியம் ஸ்லைடு தயாரானது. ஆர்வம் தாங்காமல் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பழுப்பே இல்லை. ஒரு கோடு இல்லை, ஒரு பொட்டு இல்லை, எல்லாம் வெளிறிய நீலம். சவ்வு இல்லை என்றால் சுவர் இல்லை. யா அல்லாஹ், சந்தேகப்பட்ட ஓர் இடத்தில் மட்டுமில்லை, எல்லாக் குழாயிலுமே உடைந்துவிட்டதே என்று நினைத்துவிட்டேன்.

ரிசல்ட்டைச் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்தவள் சும்மா போயிருக்கலாம். "அக்கா, சாப்பிட்டீகளா?" என்று கேட்டுத் தொலைத்தேன். நான் எந்த நோயாளியிடமும் அப்படிக் கேட்டதே கிடையாது. என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார்.

"சரித்தா. நீ ஒன்னும் சொல்ல வேணாம்" என்றார். உடனே போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். "ஏலே, தையில வச்ச பாப்பா நிச்சயத்தத் தள்ளிப் போட்டுருவோம். எனக்கு வைத்தியம் இழுக்கும் போலருக்கு. மாப்பிள்ள வீட்டுல பக்குவமாச் சொல்லு." குரல் நடுங்கவே இல்லை.

உள்ளே ஓடி வந்து மறுபடியும் மைக்ராஸ்கோப்பில் குனிந்தேன். எதையும் தேடவில்லை, அழுகையை மறைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். முக்கால் மணி நேரமாக ஸ்லைடைச் சும்மா நகர்த்திக்கொண்டே இருந்தபோது ஒரு ரத்தக்குழாய் கண்ணில் பட்டது. அழகான வட்டம், உள்ளே ரத்த அணுக்கள். அதன் விளிம்பிலும் பழுப்பு இல்லை.

ரத்தக்குழாயைச் சுற்றியும் இதே சவ்வு உண்டு! எல்லோருக்கும் உண்டு! அது இல்லாத ஒரு மனுஷி கொத்தமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து என் லேபில் உட்கார்ந்திருக்க முடியுமா? அடுத்த ரத்தக்குழாயைப் பார்த்தேன், அதற்கடுத்ததையும் பார்த்தேன். எதிலும் இல்லை. அப்படியானால் சுவர் உடையவில்லை, என் சாயம்தான் ஏறவில்லை! எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்து விழுந்தது.

மதுரைக்குப் போன் போட்டேன்.

"குக்கர்ல வச்சியா? அடிப்பாவி! இதுக்குக் குக்கர் ஆகாதுடி, என்சைம் ஊத்திச் செரிக்க விடணும். அதைத்தானே சொல்ல வந்தேன்!"

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானைகூட இல்லை, வெறும் வாய்ச்சவடால். அவள் சொன்னதை வரி விடாமல் எழுதிக்கொண்டேன். நல்லவேளை, அந்த என்சைம் எங்கள் ஃப்ரிட்ஜிலேயே இருந்தது. வெளியே ஓடினேன்.

"அக்கா, தம்பிக்குத் திரும்பப் போன் போடுங்க. தப்பு எம்மேல. டெஸ்ட்டே சரியா நடக்கல. நல்லதுன்னும் சொல்ல மாட்டேன், கெட்டதுன்னும் சொல்ல மாட்டேன். அஞ்சு மணி வரைக்கும் யாருட்டயும் ஒன்னும் சொல்லாதீக."

அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளே வந்துவிட்டேன். துணுக்கில் இன்னும் ஓரிரு சீவலுக்குத்தான் சதை மிச்சம். ஆன்டிபாடிக் குழாயிலும் அதே கதைதான். இந்த முறை விதிப்படி, தெரிந்த திசு ஒன்றையும் பக்கத்திலேயே ஒட்டினேன். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து என்சைம், கழுவல், ஆன்டிபாடி, நிறம். நான்கரை மணிக்கு லென்ஸில் கண் வைத்தேன். முதலில் ரத்தக்குழாய். பளிச்சென்று பழுப்பு வளையம்! அப்புறம் பால் குழாய்கள், ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கோடு. சந்தேகப்பட்ட அந்த இடத்தில் கோடு மெலிந்து, வளைந்து, நெளிந்து போனது. ஆனால் அறுபடவில்லை. நான் கத்தவில்லை என்று சொன்னால் அது பொய்.

டாக்டரம்மா வந்ததும் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கோபத்தில் இரண்டு ஸ்லைடையும் வெடுக்கென்று வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு அக்காவை உள்ளே கூப்பிட்டார். "முழுக் கட்டியையும் எடுத்துப் பார்த்தாத்தான் கடைசி வார்த்தை. ஆனா இந்தத் துணுக்குல எங்கேயும் தாண்டலை."

அந்த அக்கா, "அப்ப நிச்சயத்தத் தள்ள வேணாம்ல?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "விடுத்தா. ரசத்துக்கு உப்புப் போட மறந்துட்டு, புளி சரியில்லன்னு கடைக்காரன வஞ்சிருக்கேன் நானு" என்று சொல்லிச் சிரித்தார். ஆபரேஷன் முடிந்து, முழுக் கட்டியிலும் அதே பதில்தான் வந்தது. தை மாதம் சொன்ன தேதியில் நிச்சயம் நடந்தது. நானும் போய்ச் சாப்பிட்டு வந்தேன்.

அவர் மன்னித்துவிட்டார். ஆனால் வெறும் ஸ்லைடைப் பார்த்து "எனக்குத் தெரியவில்லை" என்று நினைக்க வேண்டியவள் "அங்கே இல்லை" என்று நினைத்ததால், ஒரு தாய் தன் மகளின் நிச்சயத்தையே தள்ளிப் போடத் துணிந்த அந்த ஒரு மணி நேரத்தை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.