ஒரு முழுக் குளிர்காலம் கேட்ட சறோ அக்கா

நார்வேக்காரர்கள் சாவுச் செய்தியைச் சுற்றி வளைத்துச் சொல்வதில்லை. நமக்குக் காலமானார், தவறிவிட்டார், இறைவனடி சேர்ந்தார் என்று எத்தனையோ மெத்தென்ற சொற்கள் உண்டு. சறோ அக்காவோடும் என்னோடும் வேலை பார்த்த ஹெல்கே என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "சறோ இன்று காலை இறந்துவிட்டார்" என்றான். அவ்வளவுதான். எதற்கும் குறுஞ்செய்தி மட்டுமே அனுப்புகிற ஆள் அவன். அவனிடமிருந்து அழைப்பு வந்தபோதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. திராமனிலிருந்து ஒஸ்லோவுக்கு வரும் ரயிலில் இருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடைமேடையில் நின்றேன். அது நான் இறங்க வேண்டிய இடமே இல்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் ஒஸ்லோவில் ட்வெய்ட்டா அடுக்குமாடியில் குடியிருந்த சறோஜினி. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்; கூட்டம் என்றால் கடைசி வரிசையில் இருப்பார்; முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் போவார். அவர் மேடையேறிப் பேசி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அவர் பேசுவதை அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் இருந்தால் எனக்கு மனசு ஆறாது.

ஐந்து வருடங்களுக்கு முன் நான் அவருடைய வேலையைப் பறிக்கத்தான் ஒஸ்லோ வந்தேன். இதை நயமாகச் சொல்ல வழியில்லை. தனியாக வாழும் முதியவர்கள் மணிக்கட்டில் ஒரு பொத்தான் கட்டியிருப்பார்கள். விழுந்தாலோ மூச்சு முட்டினாலோ அதை அழுத்தினால், பணியில் இருக்கும் செவிலியருக்கு அழைப்பு போகும். அந்த அழைப்பைச் சரியான ஆளிடம் சேர்க்கும் மென்பொருளைப் பதினோரு பேர் பராமரித்து வந்தார்கள். அந்த வேலையைச் சென்னைக்கு மாற்றுவதென்று நிறுவனம் நினைத்தது. அந்தப் பதினோரு பேரில் ஒருவர்தான் சறோ அக்கா. அவர்களிடம் வேலையைக் கற்றுக்கொண்டு போக, ஒப்பந்தம் எடுத்த சென்னை நிறுவனத்திலிருந்து எங்களை அனுப்பினார்கள். அதற்கு எங்கள் தொழிலில் 'நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்' என்று பெயர், சுருக்கமாக கே.டி. என்போம். பெயருக்கேற்ற வேலைதான்.

முதல் நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். "குட் மார்னிங் மேடம்" என்றேன். சறோ அக்கா நிமிர்ந்து பார்த்துத் தமிழில், "இஞ்சை மேடம் ஒருத்தரும் இல்லை. சறோ எண்டு கூப்பிடுங்கோ. வாய் வரேல்லை எண்டால் அக்கா எண்டு கூப்பிடுங்கோ" என்றார். தன் மேசையை ஒதுக்கி எனக்குப் பாதி இடம் தந்தார். எங்களுக்குள் எட்டு வயதுதான் வித்தியாசம். ஆனால் நான் கல்லூரியில் கணினி படித்த காலத்தில், அவர் இலங்கையிலிருந்து அகதியாக இங்கே வந்து இறங்கி, மருத்துவமனையில் தரை துடைத்துக்கொண்டே மாலை வகுப்பில் அதே கணினியைப் படித்தவர். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. ஹெல்கே சொன்னான்.

அவர் சொல்லித் தந்த விதம் எனக்குத் திகைப்பாக இருந்தது. ஒன்றையும் ஒளிக்கவில்லை. எழுதி வைக்காத பழைய சங்கதிகளைக்கூடத் தேடிப் பிடித்துச் சொன்னார். இரண்டாவது வாரம் எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, எல்லாத்தையும் இப்படிச் சொல்லிக் குடுத்துட்டா உங்க வேலை போயிடுமே?"

"போகும்தான். அதுக்கு நான் மேலை இருக்கிற ஆக்களோட சண்டை பிடிக்கிறன். உங்களோட எனக்கு என்ன கோவம்? நீங்கள் வேலை செய்ய வந்தனீங்கள். நான் கோவத்தில ஒண்டைப் பிழையாச் சொல்லித் தந்தால், இயக்குநருக்கு ஒண்டும் ஆகாது. ஆரோ ஒரு மனுசன் விழுந்து கிடப்பான்."

அந்தச் சண்டை என்னவென்று பிறகுதான் தெரிந்தது. அவர் அங்கே ஊழியர் பிரதிநிதி. நார்வே மொழியில் அதற்கு இருக்கும் சொல்லைப் பிரித்துப் பார்த்தால், நம்பித் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று வரும். இந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு: இப்படிப்பட்ட முடிவை எடுப்பதற்கு முன் முதலாளி பிரதிநிதியோடு உட்கார்ந்து பேச வேண்டும், பேசியதைக் குறிப்பில் எழுத வேண்டும். எங்கள் ஊரில் முடிவு மின்னஞ்சலில் வரும்; நாங்கள் நன்றி சொல்லிப் பதில் போடுவோம்.

மதிய நேரத்தில் ரொட்டித் துண்டில் பழுப்புப் பாலாடைக்கட்டியை வைத்து, அதன் மேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த தேங்காய்ச் சம்பலைத் தடவிச் சாப்பிட்டபடியே சறோ அக்கா ஒரு பக்கக் கோரிக்கைக் கடிதம் எழுதினார். வேலையை வெளிநாட்டுக்கு மாற்றுவதானால் ஊழியர்களுக்கு ஒரு வருடம் முன்பே சொல்ல வேண்டும். இடம் இழப்பவர்களுக்கு அதற்குள் வேறு வேலை பழக்க வேண்டும். இங்கே வந்து உட்கார்ந்து வேலை செய்கிறவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரரின் அதே சம்பளம் தர வேண்டும். நகராட்சிகள் ஒப்பந்தம் கொடுக்கும்போது, பழுது என்றால் நேரில் வரக்கூடிய ஆள் நாட்டுக்குள் இருக்க வேண்டும் என்று எழுத வேண்டும். கைமாற்றும் முன் இரு தரப்பும் ஒரு முழுக் குளிர்காலம் பக்கத்துப் பக்கத்தில் இருந்து வேலை செய்ய வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் மனிதர்கள் பனியில்தான் விழுகிறார்கள்.

சம்பளக் கோரிக்கையைக் கேட்டதும் எங்கள் ஆட்கள் கொதித்தார்கள். சென்னைச் சம்பளத்தோடு கொஞ்சம் படியும் சேர்த்து வாங்குவதால்தான் எங்களை அனுப்பவே செய்தார்கள்; சம்பளம் சமமானால் யார் அனுப்புவார்கள்? "நம்ம தமிழ் ஆளே நமக்கு ஆப்பு வைக்கிறாங்க பாரு" என்றேன் நான், காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, கொஞ்சம் சத்தமாகவே. திரும்பினால் சறோ அக்கா கோப்பையோடு நிற்கிறார். அவர் காப்பியை நிரப்பிக்கொண்டு, "ஹெல்கே வாங்கிற சம்பளத்தை நீங்களும் வாங்கினால் உங்களுக்கு என்ன நட்டம் தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் வரை பதில் தேடினேன். அதே வேலையை அதே மேசையில் பாதி விலைக்குச் செய்வதை நான் பெருமையாக நினைத்திருந்தேன் என்பதுதான் பதில்.

ஹெல்கேயும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். கடிதத்தில் 'இந்திய வேலையின் குறைந்த தரம்' என்று ஒரு வரியைச் சேர்த்திருந்தான். அவர் என் எதிரிலேயே அதை அடித்தார். "குறைவாக இருப்பது அவர்களுடைய வேலையின் தரம் இல்லை, நாம் அவர்களுக்குக் கொடுக்கிற நேரம்" என்றார். ஹெல்கேக்குக் காது சிவந்தது. அதற்குப் பிறகுதான் அவன் எனக்கு நண்பனானான்.

இனி என் குட்டு. பழைய நிரலில் ஒரு பகுதி தேவையில்லாமல் நீண்டு கிடப்பதாக எனக்குப் பட்டது. ஒரே மணி நேரம் இரண்டு முறை வந்தால் என்ன செய்வது என்று யாரோ விழுந்து விழுந்து எழுதியிருந்தார்கள். ஒரே மணி எப்படி இரண்டு முறை வரும்? எழுதியவனுக்கு வேறு வேலை இல்லை போல என்று சிரித்தபடி அதைத் துடைத்தெறிந்தேன். சோதனைகள் எல்லாம் தேறின. வாராந்திர அறிக்கையில் எல்லாவற்றுக்கும் பச்சை போட்டு அனுப்பினேன். சிவப்புப் போட்டால் சென்னையில் என் தலைதான் உருளும்.

சறோ அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்த இடத்தைக் காட்டினார். அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதனால் அதிகாலை இரண்டிலிருந்து மூன்று வரை அன்று இரண்டு முறை வரும். நான் துடைத்த பகுதி இல்லாவிட்டால், இரண்டாவது முறை வருகிற அழைப்பு மென்பொருளுக்குப் பழைய அழைப்பாகத் தெரியும். முடிந்துபோனது என்று ஒதுக்கிவிடும். அவர் கணினியில் கடிகாரத்தைத் திருப்பி, அழைப்பை அனுப்பிக் காட்டினார். செவிலியரின் திரையில் ஒன்றும் வரவில்லை.

"உங்கட ஊரில மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளுறேல்லை. உங்களுக்கு எப்பிடித் தெரியும்? ஏன் இருக்குது எண்டு எழுதி வைக்காதது எங்கட பிழை" என்றார். நான் அழித்ததை அங்கேயே திரும்பப் போட்டார். "நானும் வந்த புதுசில அண்டைக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வேலைக்குப் போய்க் குளிருக்குள்ள நிண்டனான்."

அதற்கு மூன்றாம் நாள் நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை. அக்டோபர் தொடக்கத்திலேயே கைமாற்றிவிட வேண்டும் என்பது இயக்குநரின் அவசரம். ஒருபக்கம் அவர், மறுபக்கம் சறோ அக்காவும் ஹெல்கேயும், தொலைபேசியில் சென்னையிலிருந்து என் மேலாளர். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சறோ அக்கா வாயைத் திறந்து அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிச் சொன்னால் போதும், எல்லாமே அங்கேயே நின்றுவிடும். பதினோரு பேருக்கும் வேலை தங்கும். நான் அடுத்த விமானத்தில் ஊருக்குப் போவேன். அவர் சொல்லப்போகிறார் என்றுதான் உள்ளே போனேன். அவர் இடத்தில் நான் இருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன்.

இயக்குநர் என்னைப் பார்த்து, "சென்னை தயாரா?" என்றார். வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். 'யெஸ்' என்று என் வாய் பாதி திறந்துவிட்டது.

சறோ அக்கா கையை உயர்த்தினார். "அவர் பதில் சொல்லும் முன் ஒன்றைக் குறிப்பில் எழுதுங்கள். அவர் என்ன சொன்னாலும் அதற்காக அவருடைய வேலைக்குப் பங்கம் வராது. சென்னையும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும்." தொலைபேசியில் என் மேலாளர் இழுத்து இழுத்துச் சரி என்றார். இயக்குநர் எழுதினார். அந்தப் பேனா நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருட வேலையில் எனக்காக யாரும் எங்கேயும் ஒரு வரி எழுதி வாங்கியதில்லை.

"தயாரில்லை" என்றேன். பிறகு அந்த மணி நேரத்தின் கதையை, நான் அழித்தது உட்பட, நானே சொன்னேன்.

இயக்குநர் சறோ அக்காவிடம் திரும்பி, "உங்களுக்கு இது முன்பே தெரியுமா?" என்றார்.

"மூன்று நாளாகத் தெரியும். அன்றே திருத்தியாகிவிட்டது."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"அது அவருடைய வேலை. அவர்தான் சொல்ல வேண்டும்."

இயக்குநர் பேனாவை மூடி வைத்தார். ஒரு முழுக் குளிர்காலம் கிடைத்தது. கொஞ்ச நாளில் எங்களுக்குப் பக்கத்து நாற்காலிச் சம்பளமும் கிடைத்தது. அந்த அக்டோபர் ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை, சறோ அக்கா என்னைக் கூப்பிட்டு அழைப்புப் பட்டியலில் ஒரு வரியைக் காட்டினார். இரண்டாவது முறை வந்த அந்த மணி நேரத்தில் ஒருவர் குளியலறையில் விழுந்திருக்கிறார். செவிலியர் போய்த் தூக்கியிருக்கிறார். அந்த வரியை நான் இன்னொரு முறை படித்தேன்.

எல்லாம் சுபமாக முடிந்ததென்று சொல்லி அவரைச் சிறுமைப்படுத்த மாட்டேன். வசந்தம் வந்ததும் பாதி வேலை சென்னைக்குப் போயிற்று. பதினோரு பேரில் ஐந்து பேர் வேறு பிரிவுகளில் வேலை பழகிக்கொண்டு போனார்கள். நான் ஒஸ்லோவில் மிஞ்சிய வேலையில், அந்த நிறுவனத்திலேயே சேர்ந்து தங்கிவிட்டேன். சறோ அக்கா அந்த ஒரு பக்கக் கடிதத்தைப் பேர்கன் நகரில் நடந்த தொழிற்சங்கக் கூட்டத்துக்கு எடுத்துப் போனார். நானும் கூடப் போனேன். அங்கே ஒருவர், "நீங்களே வெளிநாட்டிலிருந்து வந்தவர். வேலை வெளிநாட்டுக்குப் போனால் மட்டும் ஏன் தடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். கூட்டத்தில் சிலர் நெளிந்தார்கள். சறோ அக்கா அமைதியாக, "வேலை ஆளைத் தேடிப் போனால் நான் வழிவிடுவேன். இது ஆளைத் தேடிப் போகவில்லை, மலிவைத் தேடிப் போகிறது. நாளைக்குச் சென்னையையும் விட்டுவிட்டுப் போகும்" என்றார். கைதட்டினார்கள். கூட்டத்துக்கு வந்திருந்த அரசியல்வாதிகள் கடிதத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு நகராட்சி மட்டும், நேரில் வரக்கூடிய ஆள் வேண்டும் என்ற வரியைத் தன் ஒப்பந்தத்தில் சேர்த்தது.

திரும்பி வரும் ரயிலில், "இவ்வளவுதானா அக்கா?" என்று கேட்டேன். "நிப்பாட்டேலாது எண்டு எனக்கு முதலே தெரியும். ஆனால் மெதுவாக்கலாம். மெதுவாப் போனால் சனம் மூச்சு விடும், இன்னொண்டைப் பழகும். கெதியாப் போனால் மிதிபடும்" என்றார். அவர் கேட்டதெல்லாம் அந்த நேரத்தைத்தான், எல்லாருக்கும்.

இரண்டு வாரம் முன்பு மருத்துவமனையில் பார்த்தேன். எலும்பும் தோலுமாக இருந்தார். எங்களிடம் எஞ்சியிருந்த வேலையும் இன்னொரு நாட்டுக்குப் போகப் போகிறது, மூன்று பேர் என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறார்கள், இப்போது ஊழியர் பிரதிநிதியும் நான்தான் என்று சொன்னேன். எனக்கு இரண்டு பிள்ளைகள்; சமீபத்தில்தான் வீடு வாங்கினேன்; பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் கண்ணை மூடியபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பயம் இருக்கும்தான். முதல் நாள் அந்த மூண்டு பேரையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போங்கோ. புது ஆக்கள் தனியச் சாப்பிடுவினம்."

வெள்ளிக்கிழமை அவரை வழியனுப்பினோம். உங்களில் பலர் வந்திருந்தீர்கள். ஹெல்கே பின்வரிசையில் நின்று, துடைக்காமல் அழுதான்.

சறோ அக்காவிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: பக்கத்தில் இருக்கிறவனைப் பகைக்காமல், மேலே இருக்கிறவனிடம் போய்ச் சண்டை போடுவது. அவரைப் பார்க்கும் வரை இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். சாப்பிடக் கூட்டிப்போனேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லித் தரத் தொடங்கியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை இயக்குநரின் கதவைத் தட்டி, "உட்காருங்கள், பேச வேண்டும்" என்றேன்.