படத்தின் ஓரத்தில் நீல வாளி

அந்தப் படத்தின் இடப்பக்க ஓரத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி பாதி தெரியும். வாளிக்குப் பக்கத்தில் ரப்பர் சிலிப்பர் போட்ட ஒரு கால். கட்டைவிரல் நகம் கறுத்துப்போன கால். நடுவில் இரண்டாக உடைந்த ஒரு கருங்கல், அதையொட்டி நான் வைத்த ஓரடி அளவுகோல். கல் ஈரமாக, மஞ்சளும் குங்குமமுமாகப் பளிச்சென்று இருக்கும். புயலடித்த மறுநாள் காலையில் எடுத்த படம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். சேதங்களைப் படம் எடுப்பதே என் பிழைப்பு. ஓரத்தில் வாளியும் காலும் விழுந்த ஒரு படத்தை வேறு யாராவது கொண்டுவந்து நீட்டியிருந்தால், மறுபடி எடுத்து வா என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

அந்தக் கால் என் அக்காவின் கணவருடையது. நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். பெக்கோக் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் அவருக்கு ஷிப்ட் வேலை. நகம் கறுத்தது அங்கே இரும்பு விழுந்துதான். நான் நகர மன்றத்தில் பூங்காப் பிரிவுக்காரன். காற்றுமழை அடித்து ஓய்ந்தால் விழுந்த மரம், நெளிந்த வேலி, பெயர்ந்த ஊஞ்சல் எல்லாவற்றையும் யாரும் தொடுவதற்கு முன்னால் படம் எடுத்து அறிக்கையோடு கொடுக்க வேண்டும். தொடுவதற்கு முன்னால் என்பதுதான் அந்த வேலையின் உயிர். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். யோங் பெங்கிலிருந்து காரில் வந்துவிடக்கூடிய தூரம்தான். ஆனால் அந்தக் கல்லைப் பற்றிய சண்டை இன்னும் முழுதாக ஆறவில்லை. எனக்கோ ஆறாத புண்ணைத் தொடுவதென்றாலே நடுக்கம்.

எங்கள் பூங்காவில் இருபது அடி இடைவெளியில் இரண்டு நினைவுச் சின்னங்கள் நிற்கின்றன. ஒன்று, பழைய தோட்டத் துரை ஒருவருக்காக அவருடைய கம்பெனி எழுப்பிய வெள்ளைத் தூண். மற்றது, யுத்த காலத்தில் சயாமில் ரயில்பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பி வராத தோட்டத்து ஆட்களின் பெயர்களைச் செதுக்கிய, இடுப்பளவு உயரக் கருங்கல். பிள்ளைகளும் பேரன்களும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுவந்து நட்டுவிட்டார்கள். அனுமதி கேட்கவில்லை. துரையின் தூணை எடுங்கள் என்று ஒரு கூட்டம், அனுமதியில்லாத கல்லை எடுங்கள் என்று இன்னொரு கூட்டம், இரண்டையும் எடுத்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சறுக்குமரம் வையுங்கள் என்று மூன்றாவது ஒன்று. மன்றம் எதற்கும் பதில் சொல்லாமல் காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. கல்லைப் பராமரிக்கும் குழுவுக்கு மச்சான்தான் செயலாளர். அந்தக் கல்லில் மூன்றாவது பெயர் அவருடைய தாத்தாவினுடையது.

அந்தப் புயல் ஒரு மாலையில் அரை மணி நேரம்தான் அடித்தது. மறுநாள் காலை பசியாறாமலேயே கேமராவை எடுத்துக்கொண்டு ஓடினேன். பெரிய அங்சானா மரத்தின் கிளை ஒன்று, ஆள் கட்டிப்பிடிக்கும் அளவுக்குப் பருமனானது, முறிந்து கிடந்தது. துரையின் தூணில் ஒரு கீறல்கூட இல்லை. தொழிலாளர் கல் இரண்டு துண்டாகியிருந்தது. அதன் முன்னால் மச்சான் குந்தியிருந்து, தேங்காய் நாரால் கல்லைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். கூட்டாளிகள் இரண்டு பேர் கடப்பாரையைப் புல்லில் ஊன்றிக்கொண்டு நின்றார்கள். கல்லின் மேல் கிடந்த கிளையை அவர்கள் மூவரும் நெம்பி ஏற்கெனவே ஓரமாக உருட்டிவிட்டிருந்தார்கள்.

"மச்சான், என்ன செஞ்சிட்டீங்க?" என்று கத்தினேன்.

"வா மாப்ள. இன்னும் அஞ்சு நிமிசம். பொட்டு வெச்சிட்டா நீ எடுக்கலாம் லா," என்றார். எனக்கு உதவி செய்துகொண்டிருப்பதாகத்தான் அவர் நினைத்திருந்தார். அதுதான் கொடுமை.

மன்றத்தின் விதி எளிது. புயலில் உடைந்தது என்றால் பழுது பார்த்து அதே இடத்தில் நிறுத்துவார்கள். ஆள் உடைத்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் போலீஸ் விசாரணை முடியும்வரை ஸ்டோருக்குப் போகும். எங்கள் ஸ்டோரை நான் அறிவேன். உள்ளே போன எதுவும் வெளியே வந்து பார்த்ததில்லை. அனுமதியில்லாமல் நட்ட கல் ஒருமுறை இடம் பெயர்ந்துவிட்டால் திரும்ப நடுவதற்கு எவன் கையெழுத்துப் போடுவான்? உடைந்த இடத்தில் மரப்பட்டையும் இலையும் சேறும் ஒட்டியிருந்திருந்தால் ஒரே படம் போதும். இப்போது உடைப்பு சுத்தமாக இருந்தது. கல்லின் விளிம்பில் கடப்பாரை உரசிய வெள்ளைக் கோடு வேறு. பார்க்கிறவன் கண்ணுக்கு, சுத்தியலால் யாரோ போட்டு உடைத்தது மாதிரியே இருந்தது. அந்தப் பேச்சு கிளம்பினால் ஒரு தரப்பு இன்னொரு தரப்பின் சட்டையைப் பிடிக்கும்.

விஷயத்தைச் சொன்னேன். மச்சானின் முகம் சுருங்கிப்போயிற்று. கையிலிருந்த நாரைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்.

"அலமாக், ஐயய்யோ," என்றார் மெதுவாக. பிறகு, "சேத்தோட படம் எடுக்க விடுவேனா மாப்ள? எங்க தாத்தாவ யாரு குளிப்பாட்டுனா? சயாம்ல மழையில அப்படியே கெடந்திருப்பாரு. ஒரு வாளி தண்ணி ஊத்த ஆளு இல்ல. நம்ம வீட்டுல செத்தவங்கள குளிப்பாட்டாம யாராச்சும் படம் புடிப்பாங்களா?"

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளில் சாவு விழுந்தால் குளிப்பாட்டி, புதுத்துணி உடுத்தி, நெற்றியில் விபூதி பூசிய பிறகுதான் படக்காரரை உள்ளே விடுவார்கள். அந்த மனிதருக்கு அது கல் இல்லை. எனக்கும் அது தெரிந்திருந்தது, அதனால் கோபப்படக்கூட முடியவில்லை.

கூட்டாளிகளில் ஒருவர், "கிளைய திரும்ப மேல உருட்டிடலாம். யாரு பாக்கப் போறாங்க?" என்றார். மச்சான் என்னைப் பார்த்தார். பொய் சொல்லக் கூடாது என்ற எண்ணம் எனக்கு அந்த நேரத்தில் வரவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். பேசிக்கொண்டே மச்சான் கல்லுக்கு மஞ்சள் பூசி, நெற்றியில் பொட்டும் வைத்து முடித்திருந்தார். குங்குமம் வைத்துவிட்டுப் போன புயல் என்று அறிக்கை எழுத முடியாது என்பதுதான் என்னைத் தடுத்தது. உருட்டிவிட்ட கிளையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அடிப்பக்கப் பட்டையில் மஞ்சளாக ஓர் இழுப்பு தெரிந்தது. கல்லின் எழுத்துகளுக்கு மச்சான் போன வாரம்தான் மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார். அதை எடுத்தேன், கல்லை எடுத்தேன், கடப்பாரை உரசிய கோட்டை எடுத்தேன், ஐம்பது அறுபது படங்கள் எடுத்தேன். அவற்றில் ஒன்றில்தான் வாளியும் காலும் விழுந்தன.

அறிக்கையை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். அலுவலகக் கணினியில் படங்களை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெயின்ட் பட்ட கிளை மட்டும் போதாது. மரம் கல்லில் விழுந்தது என்று அது காட்டும், விழுவதற்கு முன்பே கல் உடைந்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டால் பதில் இல்லை. ஈரமும் வாளியும் இருந்தால்தான் உடைப்பு ஏன் அவ்வளவு சுத்தம் என்பது புரியும். வாளியை வைத்தால் அந்தக் காலும் இருக்கும், அது யார் கால் என்று எழுத வேண்டும். படத்தின் ஓரத்தை வெட்டுவதற்கு ஒரு விநாடி போதும். அந்த நேரம் பார்த்து அக்கா அழைத்தாள். "தம்பி, அவரு ஒண்ணும் சாப்புடாம ஒக்காந்திருக்காரு. அவர மாட்டி விட்டுறாதடா," என்றாள். சரிக்கா என்றேன். சொல்லிவிட்டு, வாளியும் காலும் இருந்த படத்தையே சேர்த்தேன். கீழே மலாய் மொழியில் ஒரு வரி எழுதினேன்: படம் எடுக்கும் முன் குழுவின் செயலாளர் கிளையை அகற்றிக் கல்லைக் கழுவிவிட்டார்.

உண்மைக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். 'குழுவைச் சேர்ந்த ஒருவர்' என்று எழுதியிருந்தாலும் வேலை நடந்திருக்கும். உறவுக்காரனைக் காப்பாற்றினான் என்று நாளைக்கு யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் செயலாளர் என்று எழுதினேன்.

அடுத்த மூன்று வாரம் நான் ஒழுங்காகச் சாப்பிட்டதாக நினைவில்லை. மன்றத்து லாரி பூங்கா பக்கம் திரும்பினால், கல்லைத் தூக்கத்தான் போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்ப்பேன். கடைசியில் கடிதம் வந்தது. புயல் சேதம், அதே இடத்தில் பழுது பார்க்கலாம். மூச்சு விட்டேன். ஆனால் அதோடு இரண்டாவது பத்தியும் இருந்தது. சின்னத்தில் அனுமதியின்றிக் கைவைத்தவர் குழுவில் நீடிக்கக் கூடாது, இனி கல்லைத் தொடக் கூடாது. மச்சான் மன்ற அலுவலகத்தில் அதற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். வாசலில் நின்ற என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

"என் கால படம் புடிச்சி போட்டுக் குடுத்திட்டியே மாப்ள."

அதற்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசியதில்லை. தீபாவளிக்குப் போனால், "ஒன் தம்பிக்கு கோப்பி வேணுமான்னு கேளு," என்று அக்காவிடம் சொல்வார். நான் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பேன். வெள்ளிக்கிழமைகளில் பூங்காவுக்கு வருவது மட்டும் நிற்கவில்லை. கல்லை இரும்புப் பட்டை போட்டு ஒட்டி, சுற்றிலும் சங்கிலி கட்டியிருந்தார்கள். சங்கிலிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பறவை எச்சம் வழிந்திருந்தாலும் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் அலுவலக வேனுக்குள் இருந்தபடி அவரைப் பார்ப்பேன். நீ செய்தது சரிதான் என்று அவர் ஒருநாள் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

போன மாதம் ஒரு காற்றுமழை. மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல் பூங்காவுக்குத்தான் ஓடினேன். கல்லுக்கு ஒன்றுமில்லை. நிம்மதியாகக் கேமராவைப் பையில் வைக்கும்போது அக்கா அழைத்தாள். வீட்டுக்குப் பின்னால் கால்வாயின் அடைப்பைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த மச்சான் அப்படியே சாய்ந்துவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். கூடத்தில் பாயில் கிடத்தியிருந்தார்கள். மகள் ஆஸ்திரேலியாவில். அடக்கத்துக்குள் வந்து சேர விமானம் கிடைக்கவில்லை.

"புள்ள அப்பா மொகத்த பாக்கணும்னு அழுவுது. நீதான் படம் எடுக்கறவன், ஒண்ணு எடுத்து அனுப்பு," என்றாள் அக்கா.

கேமராவைத் தூக்கினேன். முழங்கால் வரைக்கும் சேறு. கறுத்த நகம் சேற்றில் மறைந்திருந்தது. எத்தனையோ சேதங்களை, யாரும் தொடுவதற்கு முன்னால் எடுத்தவன் நான். கேமராவை இறக்கிவிட்டேன்.

"மொதல்ல குளிப்பாட்டிடலாங்க்கா. வாளி எங்க இருக்கு?"

அக்கா பின்கட்டைக் காட்டினாள். அதே நீல வாளிதான், வெளுத்துப்போய், கைப்பிடிக்குக் கயிறு கட்டியிருந்தது. நானே தண்ணீர் பிடித்து வந்தேன். முதலில் கால்களைக் கழுவினேன். நக இடுக்கில் இருந்த சேறெல்லாம் போகும்வரை கழுவினேன். நான் அழுதது அப்போதுதான். வேட்டி கட்டி விபூதி பூசிய பிறகு ஒரே ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் அழைத்தாள்.

"மாமா, அப்பா தூங்குற மாதிரியே இருக்காரு. பிரேம் போட்டுக்கப் போறேன். ஓரத்துல ஒரு வாளி தெரியுது, அத வெட்டிட்டு அனுப்புறீங்களா?"

"வெட்ட வேணாம்மா," என்றேன். "அது இருக்கட்டும்."