தேருக்கு ஐந்தடி

பிரபாவதி பதினான்கு வருஷம் சட்டைக் காலர் மட்டுமே தைத்தவள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கெடாரில் கம்பெனி வேன் ஏறினால், வீடு திரும்ப விளக்கு வைக்கும் நேரமாகிவிடும். போதுமடா சாமி என்று விட்டுவிட்டு, வீட்டிலேயே மிஷின் போட்டாள். மூன்று மாதம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. இந்த மாதமும் இப்படியே போனால் மறுபடி வேன்தான் என்று புருஷன் ரஞ்சித் சொல்லிவிட்டான்.

அப்போதுதான் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா தாண்டவராயன் வந்தார். சுள்ளென்று விழுகிற மனிதர். தேரின் நாலு மூலையிலும் குழல் மாதிரி துணி தொங்குமே, தொம்பை, அது நாலும் புதிதாக வேண்டுமாம். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக டைமண்ட் வெட்டி இணைக்கிற வேலை. பிரபாவதிக்குத் தலைகால் புரியவில்லை. மூங்கில் வளையத்தின் சுற்றளவு ஆறடி. ஆறு அங்குல டைமண்ட் பன்னிரண்டு வைத்தால் சரியாக வரும். அட்டையில் வரைந்து, பிசகாமல் வெட்டினாள்.

கம்பெனியில் துணி வெட்டியே வரும். துண்டின் இரண்டு பக்கமும் தையலுக்குள் போகிற அரையரை அங்குலத்தைச் சேர்த்து வெட்டுவது கட்டிங் மாஸ்டர் பாடு. காலர்க்காரிக்கு அது எங்கே தெரியும்! விடிந்தால் தேர் என்ற நாளில் வளையத்தில் சுற்றிப் பார்த்தால், ஓரடி போதவில்லை. நாலுக்கும் அதே கதி. மிச்சத் துணியும் கிடையாது. நிறம் பார்த்து வாங்க விழுப்புரம் போய் வந்து, வெட்டித் தைக்க நேரமும் இல்லை.

நாலையும் வளையங்களோடு வாரிக்கொண்டு தாண்டவராயன் வீட்டுக்கு ஓடினாள்.

“ஐயா, கெடுத்துட்டேங்க. ஓரடி கொறைஞ்சி போச்சிங்க.”

அவர் முறைத்தார்.

“நாலும் ஒரே அளவா?”

“ஆமாங்க. நாலுமே அஞ்சடிதாங்க.”

“அப்புறம் இன்னாத்துக்கு அழுதுகினு நிக்கிற? துணியத்தான் வளக்க முடியாது, மூங்கில கொறைக்கலாமில்ல? ஜல்தியா அந்தக் கத்திய எடு.”

அவரே உட்கார்ந்து வளையங்களைப் பிரித்து, ஓரடி நறுக்கி, மறுபடி கட்டினார். மறுநாள் தேர் ஜம்மென்று நகர்ந்தது. தொம்பை நாலும் காற்றில் ஆடின. ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை. அந்தத் தேரைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஊர்க்காரர்களும் தேடி வந்தார்கள்.

அடுத்த வருஷம் பிரபாவதியே அவரிடம் போனாள். “ஐயா, இந்தத் தடவ சரியா ஆறடியில தைச்சித் தர்றேங்க. கூலி வேணாங்க.”

“வேணாம்மா. நம்ம தேருக்கு அளவே அஞ்சடிதான். யார் கேட்டாலும் அப்படியே சொல்லு.”

தொழில் கொடுத்தவள் மாரியம்மனா என்று கேட்டால், அவள் சந்நிதியிலேயே நின்று பிரபாவதி சொல்வாள்:

“இல்லீங்க, அந்த மனுஷன். ஆத்தா கோச்சிக்க மாட்டா.”