மாப்பிள்ளை ஷூவில் பூசணம்

போன மாதம் ஒரு மத்தியானம் என் மனைவி உமா குளித்துவிட்டு வந்து ஹேர் ட்ரையரைத் தேடினாள். பெட்ரூமில் இல்லை, பாத்ரூமில் இல்லை. ஹாலுக்கு வந்து பார்த்தால் என் கையில் இருந்தது.

என் தலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்... அங்கே ட்ரையருக்கு வேலை கிடையாது. நான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு ஷூவுக்குச் சூடான காற்று போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன்னா, அது ஜானவாச ஷூவா?" என்று கேட்டாள். ரொம்ப மெதுவாகக் கேட்டாள். கல்யாணமாகி ரொம்ப வருஷம் ஆனவர்களுக்குத் தெரியும், சத்தமாகக் கேட்கிற கேள்விகளால் ஆபத்தில்லை.

ஆமாம், ஜானவாச ஷூதான். எங்கள் பெண் அபர்ணாவின் கல்யாணத்துக்கு அந்த வாரக் கடைசியில் முகூர்த்தம். மாப்பிள்ளைக்கு நாங்கள் வாங்கி வைத்த ஷூ அது. அன்று சாயங்காலம் அவரே வந்து எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். முதல் நாள் கவரைப் பிரித்தபோது ஷூ முழுக்கப் பூசணம் பூத்திருந்தது.

கொஞ்சம் பின்னால் போகிறேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை கோட்டும் சூட்டுமாகக் கோயிலிலிருந்து காரில் ஊர்வலமாக வருவாரே, அதுதான் ஜானவாசம். கோட்டு, சூட்டு, ஷூ எல்லாம் பெண் வீட்டுப் பொறுப்பு. எங்கள் சம்பந்தி வீட்டார் தங்கமான மனிதர்கள். எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் நிச்சயதார்த்தச் சாப்பாடு முடிந்து கை அலம்பும் இடத்தில் மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்றார். ஆறடிக்கு மேல் உயரம். நான் அண்ணாந்து பார்த்தேன்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்கோ. ஷூ மட்டும் நல்ல லெதர்ல கிடைக்குமான்னு பாருங்கோ. என் கால் பன்னெண்டாம் நம்பர், எந்தக் கடையிலயும் இருக்காது. என் தங்கை கல்யாணத்துலகூட கோட்டுக்குக் கீழ ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுண்டுதான் நின்னேன். அந்த ஆல்பத்தையே நான் பாக்கறதில்லை."

இவ்வளவுதான் அவர் கேட்டது. கார் கேட்டிருந்தால்கூட, முடியாது என்று தைரியமாகச் சொல்லியிருப்பேன். ஒரு மனுஷன் வாய் திறந்து ஒரு ஜோடி ஷூ கேட்டால் எப்படி வாங்கித் தராமல் இருக்க முடியும்?

தி.நகரில் ஒரு கடையில் அளவெடுத்துச் செய்து தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு மாப்பிள்ளையை அழைத்துப்போனேன். பேப்பரில் பாதத்தை வைத்து பென்சிலால் கோடு போட்டார்கள். பேப்பர் பத்தாமல் இன்னொன்றை ஒட்டினார்கள். மழை ஆரம்பிக்கிற சமயத்தில் ஷூ வந்து சேர்ந்தது. இளம் பழுப்பு நிறம், நல்ல ஃபில்டர் காபியில் பால் கொஞ்சம் தூக்கலாக விட்ட மாதிரி. கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிடித்தது சனி.

நான் ஆயுசில் லெதர் ஷூ போட்டவனில்லை. ஆபீசுக்கே செருப்பில் போய் ரிட்டயர்மென்ட் வாசல் வரை வந்துவிட்ட ஆசாமி. அப்படிப்பட்டவனுக்கு, கல்யாணம் வரை இதைப் புதுசு போலக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது. மொபைலில் ஷூ பராமரிப்பு வீடியோக்களாகப் பார்த்தேன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஷூவைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, "தோலுக்கு ஊட்டம் கொடுங்கள்" என்றார். கொடுத்தேன். க்ரீம், பிரஷ், மெல்லிய துணி எல்லாம் வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஊட்டினேன்.

"உங்க குதிகால் பாளம் பாளமா வெடிச்சிருக்கு. அதுக்கு ஒரு நாளாவது எதாவது தடவியிருக்கேளா?" என்று உமா கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் என் குதிகாலை ஜானவாசத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்?

ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் செருப்புக்கு இடம் வாசலுக்கு வெளியேதான். மழை கொட்டினாலும் உள்ளே வராது. ஆனால் இந்த ஷூவை உமா எங்கே வைத்தாள் தெரியுமா? பீரோவில், கூரைப்புடவைக்குப் பக்கத்தில்! கேட்டதற்கு, இன்னும் யாரும் போடவில்லையே, அதுவரைக்கும் இது சீர் சாமான்தான் என்றாள். ஒரு தடவை காலில் மாட்டிவிட்டால் போச்சு, மறுநாளே வாசலுக்குத் துரத்தப்படும். எந்த நிமிஷத்தில் ஒரு சாமான் செருப்பாக மாறுகிறது என்று பெரியவர்கள் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?

புடவைக்குப் பக்கத்தில் என்பதால் புடவைக்கான மரியாதையும் செய்தேன். க்ரீமை இன்னும் ஒரு கை கூடுதலாகத் தடவி, பாலிதீன் கவரில் போட்டு, காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, மேலே பாச்சை உருண்டையும் வைத்தேன். வெளியே கார்த்திகை மழை. அப்புறம் மார்கழி. மார்கழியில் மயிலாப்பூர்க்காரனுக்குக் கச்சேரியும் சபா கேன்டீனும் போக மிச்ச நேரம் ஏது? பீரோவைத் திறக்கவே இல்லை.

தை பிறந்து, அந்த மத்தியானத்துக்கு முதல் நாள் கவரைப் பிரித்தேன். உள்ளே ஷூவுக்கு வெள்ளையும் பச்சையுமாகத் தாடி முளைத்திருந்தது.

இப்போது புரிகிறது. தோல் என்பது ஒரு காலத்தில் மாட்டின் மேல் இருந்த சமாச்சாரம். அதில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் இருக்கின்றன. ஈரத்தை வாங்கும், காற்றுப் பட்டால் வெளியே விடும். நான் வாராவாரம் தடவிய க்ரீம் பூசணத்துக்குச் சாப்பாடு. மழைக்கால ஈரத்தையும் உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். சாப்பாடு, தண்ணீர், தொந்தரவில்லாத ரூம்... நானே லாட்ஜ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அப்போது இது எதுவும் புரியவில்லை. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். தாடி போயிற்று, ஷூ நனைந்தது. காயவைக்க மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் வெயிலில் வைத்தேன். தண்ணீர் டேங்க் பார்க்க வந்த வாட்ச்மேன் ஏழுமலை, தூரத்திலிருந்தே நின்று பார்த்தார்.

"இன்னா சார், கருவாடு காயப்போட்டுகினு கீற?"

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தப்புச் சொல்ல முடியவில்லை. வெயிலில் தோல் விறைத்துப்போய், மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றது. விறைப்பு போகத் தேங்காய் எண்ணெய் தடவினேன். நம் ஊரில் எதற்குத்தான் தேங்காய் எண்ணெய் தடவுவதில்லை? எண்ணெய் பட்ட இடமெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுத்தது. அந்த எண்ணெயைக் காயவைக்கத்தான் ஹேர் ட்ரையர்.

கடைக்கு போன் பண்ணினேன். இன்னொரு ஜோடி செய்து தர முடியும், ஆனால் கல்யாணத்துக்குள் நிச்சயம் முடியாது என்றார்கள். பன்னிரண்டாம் நம்பர் ரெடிமேடாக ஊரில் எங்கேயாவது கிடைக்குமா என்றேன். கேன்வாஸில் கிடைக்கும் என்றார்கள்.

மறுபடியும் கோட்டு, சூட்டு, கீழே கேன்வாஸ் ஷூ. இந்தத் தடவை அவருடைய சொந்தக் கல்யாண ஆல்பத்தில்!

அபர்ணா ஷூவை எடுத்துப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அவர் ஒண்ணே ஒண்ணுதான்பா கேட்டார்" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்ததோ என்னவோ, "நல்லவேளை, என்னைப் பாலிதீன் கவர்ல போட்டு வளர்க்கல நீ" என்றாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். புது ஷூவை ஜானவாசத்தன்றைக்கு நேராகப் போட்டால் காலைக் கடிக்கும், கொஞ்ச நாள் முன்னாலிருந்தே போட்டு நடந்து பழக்க வேண்டும், அதனால்தான் வந்தேன் என்றார். இந்த யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. ஷூ என்பது போட்டு நடக்கிற சாமான் என்பதையே நான் மறந்து போயிருந்தேன்.

அவர் கையில் ஷூவைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தார்.

"இதுக்கு ஆன்டிக் ஃபினிஷ்னு பேரு மாப்பிள்ளை" என்றேன்.

"தேங்காய் எண்ணெய் ஃபினிஷ்" என்றாள் அபர்ணா.

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. முகம் கொஞ்சம் விழுந்துவிட்டது, மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு ஜோக் எல்லாம் வற்றிவிட்டது. க்ரீம், கவர், ஈரத்துணி, மொட்டை மாடி, எண்ணெய் என்று வரிசையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே சோபாவில் உட்கார்ந்து ஷூவைக் காலில் மாட்டினார். எழுந்தார். நடந்தார்.

எங்கள் ஹாலில், பூஜை ஷெல்பைத் தாண்டி, டைனிங் டேபிள் வரை போய்த் திரும்பினார். எங்கள் வீட்டுக்குள் ஷூக் கால் நடந்தது அதுதான் முதல் தடவை. உமாவைப் பார்த்தேன். அவள் சீலிங் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அளவு கரெக்டா இருக்கு மாமா" என்றார் மாப்பிள்ளை. இன்னொரு ரவுண்டு நடந்தார். "எங்கயுமே பிடிக்கல. இப்படி ஒரு ஷூ நான் போட்டதே இல்லை." அப்புறம் குனிந்து திட்டுகளைப் பார்த்தார். "கறுத்ததை வெளுக்க முடியாது. மொத்தத்தையும் கறுக்க வெச்சுட்டா?"

அதுதான் நடந்தது. அபர்ணா ஓடிப்போய் அடர்பழுப்பு பாலிஷ் வாங்கி வந்தாள். மாமனாரும் மாப்பிள்ளையும் தரையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஆளுக்கொரு ஷூவை எடுத்துக்கொண்டோம். ஜன்னலைத் திறந்து வைத்து, ட்ரையரைத் தூரப் போட்டு, ஃபேன் காற்றில் உலரவிட்டு, மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் தேய்ப்பு, மறுபடி மெல்லிசாக ஒரு பூச்சு. மூக்கு தூக்கிக்கொள்ளாமல் இருக்கப் பேப்பரைச் சுருட்டி உள்ளே அடைத்தோம். சம்பந்தம் பேசினபோதுகூட நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை. மாட்டின் தோலுக்கும் நம் தோலுக்கும் என்ன வித்தியாசம், வியர்வை எப்படி உள்ளே இறங்குகிறது, ஒரு நாள் போட்டால் மறுநாள் ஏன் ஓய்வு கொடுக்க வேண்டும்... ரெண்டு பேரும் மொபைலில் தேடித் தேடிப் படித்தோம். நான் படித்ததைத்தான் அவரும் படித்தார். ஆனால் "கொஞ்சமாக" என்ற வார்த்தை அவர் கண்ணில் மட்டும்தான் பட்டது.

ஷூ கருங்காபி நிறத்துக்கு வந்தது. கிட்டத்தில் பார்த்தால் திட்டு தெரியும். ஜானவாசத்தில் கிட்டத்தில் குனிந்து பார்க்க வாய்ப்புள்ளவன் நான் ஒருவன்தான்.

ஜானவாசம் நன்றாக நடந்தது. பிள்ளையார் கோயில் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு அவர் உள்ளே போனபோது, ஜரிகை வேஷ்டியோடு பக்கத்திலேயே காவல் நின்றேன். போட்டோகிராபர் தலை முதல் கால் வரை எடுத்தார். நான்தான் எடுக்கச் சொன்னேன்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

மறுநாள் காலையில் காசி யாத்திரை. மாப்பிள்ளை குடையும் விசிறியுமாகச் சன்னியாசம் வாங்கக் கிளம்புவார். பெண்ணின் அப்பா வழியில் மறித்து, காசிக்குப் போக வேண்டாம், என் பெண்ணைத் தருகிறேன் என்று அழைத்து வர வேண்டும். அதற்குக் காலில் புதுச் செருப்பு இருக்க வேண்டும். அந்தச் செருப்பை வாங்கியதும் நான்தான். அவசரத்தில் சாதாரண சைஸில் வாங்கியிருக்கிறேன். பாதி பாதம் வெளியே நின்றது. சாஸ்திரிகள் கடிகாரத்தைப் பார்த்து, ஏதாவது ஒரு பாதரட்சை இருந்தால் சரி என்றார்.

மாப்பிள்ளை உள்ளே போய்ப் பஞ்சகச்சத்துக்குக் கீழே லெதர் ஷூவோடு வந்து நின்றார்.

மண்டபமே சிரித்தது. நான் முன்னால் போய் அவர் கையைப் பிடித்தேன். சாஸ்திரிகள் சொல்லச் சொல்ல, போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மாப்பிள்ளை என் காதருகே குனிந்தார்.

"மாமா, இந்த ஷூ இப்ப பட்டு மாதிரி பழகிடுத்து. நிஜமாவே காசி வரைக்கும் நடந்துடலாம் போல இருக்கு."

சாஸ்திரத்துக்காகத் தடுக்க வேண்டிய இடத்தில், நான் அவரை நிஜமாகவே தடுத்தேன்.