தரைப்பாலம் பச்சையம்மா அக்காவும் நான் எழுதிய இரண்டு மனுக்களும்

பச்சையம்மா அக்கா இறந்துவிட்டார்.

காலையில் ஸ்டாஃப் ரூமில் இருந்தபோது அவர் மகள் ரேவதி போன் செய்தாள். "டீச்சர், அம்மா பூடுச்சு..." எங்கே என்று கேட்டேன். முட்டாள் மாதிரி அப்படித்தான் கேட்டேன்.

நேற்று சாயங்காலம் என் கையில் டீ கிளாஸ் கொடுத்தவர். இன்னும் நம்ப முடியவில்லை...

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவண்ணாமலையில் இருந்து நான் வேலை பார்க்கும் ஸ்கூலுக்குப் போக துரிஞ்சலாற்றைத் தாண்ட வேண்டும். அங்கே ஒரு தரைப்பாலம். இந்தக் கரையில் அக்காவின் டீக்கடை. பதினோரு வருஷமாக என் ஸ்கூட்டி அந்த வழியாகத்தான் போகிறது.

பாதி வருஷத்துக்கு மேல் அது ஆறு என்றே தெரியாது. மணல், முள்செடி, மேயும் மாடுகள். மேற்கே மலைப்பக்கம் மழை பெய்தால் போதும், இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வந்து நிற்கும்.

பாலத்தின் ஓரத்தில் வெள்ளையடித்த கற்கள் உண்டு. அவை பாதி முழுகினால் அக்கா ரோட்டுக்கு வந்துவிடுவார். வண்டிச் சாவியைப் பிடுங்கி பிஸ்கட் பாட்டிலில் போட்டு மூடிவிடுவார். "கம்முனு குந்துடா. வடிஞ்சதும் போவலாம். உம் பொண்டாட்டிக்கு என்னால பதில் சொல்ல முடியாது."

ஒரு நாள் என் சாவியையும் பிடுங்கினார். அன்று ஸ்கூலில் இன்ஸ்பெக்‌ஷன்!

நான் கத்தாத கத்தல் இல்லை. "நீ யாரு என் சாவியப் புடுங்க? போலீஸா?" என்று ஒருமையில் கேட்டேன். அவர் முகம்கூட மாறவில்லை. "திட்டிக்கோங்க டீச்சர். ஆனா உக்காந்து திட்டுங்க, கால் வலிக்கும்" என்று பெஞ்சைத் துடைத்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் ஒரு கல்கூட வெளியே தெரியவில்லை. அதைக் கண்ணால் பார்த்தும் எனக்குக் கோபம் போகவில்லை. மெமோ வாங்கினேன் இல்லையா...

அடுத்த திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீஸில் ஒரு மனு போட்டேன். ஆற்றுப் புறம்போக்கில் ஆக்கிரமிப்பு, போக்குவரத்துக்கு இடையூறு என்று அழகாக எழுதினேன். கீழே "ஊர்ப் பொதுமக்கள்". சொந்தப் பெயர் போடத் தைரியம் இல்லை.

ஆமாம், நான்தான். என் வீட்டுக்காரருக்கே இதைப் படிக்கும்போதுதான் தெரியும்.

கொஞ்ச நாளில் கடையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு அக்கா நேராக வந்தது என்னிடம்தான்.

"எந்த நாசமாப் போறவனோ மனு போட்டுட்டான் டீச்சர். அவன் கை வெளங்குமா? நீங்க நல்லா எழுதுவீங்களாமே, எனக்கு ஒரு பதில் எழுதிக் குடுங்க."

எழுதினேன். அதே கையால். இரண்டு கரை ஜனமும் கையெழுத்துப் போட்டார்கள். கடையைப் பத்தடி பின்னால் தள்ளிக்கொள்ளச் சொல்லி அதிகாரிகள் விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் போய் நின்றாலே பெஞ்சில் இருப்பவர்களை எழுப்பிவிடுவார். "எந்திரிடா, டீச்சர் வந்துட்டாங்க. இவங்க இல்லன்னா இந்தக் கடை ஏது?" அவசரமாக டீயைக் குடித்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்துவிடுவேன்.

எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்திருக்கிறேன். நேற்றும்தான். "அக்கா, அந்த மனு விஷயம்..." என்று ஆரம்பித்தேன். அவர் கண்ணெல்லாம் ஆற்றின் மேல். "தண்ணி நெறம் மாறுது டீச்சர். மேல மழ ஜாஸ்தி போல. நாளைக்கு இப்படி வராதீங்க, மெயின் ரோட்டுப் பாலமா சுத்திப் போயிடுங்க."

முதல் தடவையாக எதிர்த்துப் பேசாமல் கேட்டேன். இன்று சுற்றித்தான் போனேன்.

எட்டரை மணிக்கு அடுப்படியிலேயே சாய்ந்திருக்கிறார். நெஞ்சுவலி. வழக்கமாக நான் அங்கே டீ குடிக்கிற நேரம் அது. ஐயோ...

எப்போது எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "நீங்க வராம எப்டி டீச்சர்? கடையக் காப்பாத்துனது நீங்கதான்னு நேத்துகூட சொல்லிக்கினு இருந்துச்சு. மொத மால நீங்கதான் போடணும்" என்றாள் ரேவதி.

பர்மிஷன் போட்டுவிட்டு வந்து பூக்கடையில் நிற்கிறேன். மாலை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நின்றபடியே போனில் டைப் செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரேவதி, உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராதும்மா. இதைப் படி. படித்த பிறகும் நான் வரலாம் என்றால் கூப்பிடு. மாலையோடு உங்கள் தெருமுனையில்தான் நிற்பேன்.

அக்கா... போய் வாங்க.